கொட்டகை நகர்ந்த ஆண்டு

மெரிடித் துறை, வர்ஜீனியா
14 அக்டோபர் 1957

அன்புள்ள அக்கா லவீனியாவுக்கு,

எல்வுட் எழுதுகிறேன். நான் நலம். இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே அதைச் சொல்லிவிடுகிறது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மகள் வீட்டு மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னாராமே. சொன்னதைக் கேட்டு நட.

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். விஷயம் இதுதான். சைலஸ் பர்னெல் உன் மகன் கார்லண்ட் மேல் மீன்வள ஆணையத்துக்கு மனு கொடுத்திருக்கிறார். கார்லண்ட் ஆற்றடியில் சிப்பி வளர்க்கும் பாருக்கு வெளி எல்லையாக நிற்கும் கம்புகள் நாற்பது வருடமாகத் தன் குடும்பத்துப் பாருக்குள் நிற்கின்றன என்கிறார். பிப்ரவரி ஆறாம் தேதி விசாரணை. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கம்புகளைக் குத்திய படகில் இருந்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம்.

குத்தகைப் பத்திரத்தில் எல்லை எப்படி எழுதியிருக்கிறது என்பது உனக்குத் தெரியும். துறையின் நுனியிலுள்ள சரக்குக் கொட்டகையின் வெளிமூலையும், மேல்வளைவில் இருக்கும் தேவாலயத்தின் கோபுரமும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தெரியும் நேர்கோடு. அதற்குக் கரைப்பக்கம் டேமரன் பார், நம் அப்பாவுடையது. ஆற்றுப்பக்கம் சைலஸின் அப்பா நோவாவின் பார். 1918 ஜனவரியில் ஆறு உறைந்தபோது பனிக்கட்டி எல்லாக் கம்புகளையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மார்ச்சில் அப்பாவும் உன் கணவர் ஆட்லியும் நானும் போய்ப் புதிதாகக் குத்தினோம். வழக்கம்போலக் கொட்டகை மூலையையும் கோபுரத்தையும் நேர் பார்த்துத்தான் குத்தினோம்.

ஆனால் அந்தக் காலத்தில் ஆறு மண் தட்டிப்போய், நீராவிக் கப்பல் அணைய முடியாமல், கம்பெனி துறையை ஆற்றுக்குள் நீட்டியது. கொட்டகையையும் புது நுனிக்குத் தள்ளிக்கொண்டு போனது. அது எந்த வருடம்? 1918 கோடை என்றால் நாங்கள் குத்தியது சரி. 1917 கோடை என்றால் நகர்ந்துபோன கொட்டகையைப் பார்த்து நேர் பிடித்திருக்கிறோம். அப்படியானால் நோவாவின் பாரில் ஒரு பட்டை நம் பக்கம் வந்துவிட்டது. கார்லண்ட் 1918 என்கிறான், அவன் அப்பா சொன்னாராம். சைலஸ் 1917 என்கிறார். கப்பல் கம்பெனியும் இல்லை, அதன் ஏடுகளும் இல்லை.

நான் அந்த வருடம் வெளியூர்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். கொட்டகை நின்ற இரண்டு இடங்களுமே எனக்கு நினைவிருக்கின்றன, வருடந்தான் குழம்புகிறது. நீ துறையில் குடியிருந்தவள். 1917 செப்டம்பரில் பால்டிமோரிலிருந்து கப்பலில் உனக்கு வாசிக்க ஆர்கன் பெட்டி வந்ததல்லவா? அதை எந்தக் கொட்டகையில் இறக்கினார்கள், பழைய இடத்திலா, புது நுனியிலா? இது ஒன்றை மட்டும் எழுது.

உன் தம்பி,
எல்வுட்

---

பால்டிமோர்
9 நவம்பர் 1957

தம்பி எல்வுட்,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்காலுக்கு வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் துணியை நனைத்துக் கட்டு. டாக்டரிடம் போகாதே, கத்தியைத்தான் எடுப்பான்.

நீ துறையைப் பற்றி எழுதியதும் இரண்டு நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. கப்பல் வளைவில் ஊதியவுடன் ஊரே ஓடிவருமே. கோழிக்கூண்டுகள், தக்காளி டப்பாப் பெட்டிகள், தர்ப்பூசணி, ஏறமாட்டேன் என்று பலகையில் கால் பரப்பி நிற்கும் கன்றுக்குட்டி. அதன் வாலை முறுக்கி ஏற்றுவது ஆட்லிக்குக் கைவந்த கலை. ஒருமுறை கன்று அவரையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. கேப்டன் மேல்தட்டிலிருந்து, "ரெண்டுல எது டேமரன் வீட்டு மாப்பிள்ளை, சொல்லுங்கப்பா, அதை முதல்ல தூக்குவோம்!" என்று கத்தினார். அப்பா ஒரு வாரம் சிரித்தார்.

கப்பலின் சாப்பாட்டு அறையில் வெள்ளை விரிப்புப் போட்டுச் சிப்பி வறுவல் கொடுப்பார்கள். நம் பாரிலிருந்து போன சிப்பியை நாமே காசு கொடுத்துத் தின்போம். அங்கே ருசி கூடுதலாக இருப்பதுபோலத் தோன்றும். இங்கே என் மகள் டப்பாவில் அடைத்த சிப்பி வாங்கிவருகிறாள். அதை வாயில் வைத்தால் ஈரக் காகிதத்தை மெல்வதுபோல இருக்கிறது.

கார்லண்ட் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? குளிரில் அவன் கை வெடிக்கும், பன்றிக்கொழுப்புத் தடவிக்கொள்ளச் சொல்.

உன் அக்கா,
லவீனியா

---

மெரிடித் துறை
15 நவம்பர் 1957

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. உப்புத்தண்ணீர் கட்டினேன், சற்றுத் தேவலை.

கன்றுக்குட்டி எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் நான் கேட்டது ஆர்கன் பெட்டியைப் பற்றி. என் எழுத்து தெளிவாக இல்லாமல் போயிருக்கலாம். மறுபடி கேட்கிறேன்: 1917 செப்டம்பர், ஆர்கன் பெட்டி, எந்தக் கொட்டகை?

நேற்றுக் கடையில் சைலஸைப் பார்த்தேன். அடுப்பைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எப்போதும்போல் கதவோரம் நின்றுகொண்டே மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்க வாத்தியாரே! இவரு பாரு ஆத்துக்குள்ள ஓடிப்போச்சாம். பிடிச்சுக் குடுக்க உங்களைத்தான் கூப்பிட்டிருக்காராமே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், அக்கா. ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் சைலஸ் என் பக்கம் வந்தார். "மிஸ்டர் எல்வுட், எனக்காக எதுவும் சொல்ல வேணாம். எங்கப்பா சாகுற வரைக்கும் ஒண்ணுதான் சொன்னாரு: கொட்டகைதான் நடந்துச்சு, பாரு நடக்கலன்னு. அது பொய்யின்னா பொய்யின்னு சொல்லுங்க. நிஜம்னா நிஜம்னு சொல்லுங்க. ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க."

அவருடைய இரண்டு மகன்களும் சிப்பி அள்ளும் இடுக்கிக் கழிகளைப் பரணில் போட்டுவிட்டு நியூபோர்ட் நியூஸ் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய பாரில் இப்போது மிச்சமிருப்பதில் பாதி சேறு. சிப்பி பிடிக்கும் கெட்டித் தரை எல்லாம் அந்தப் பட்டையில்தான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
எல்வுட்

---

பால்டிமோர்
20 டிசம்பர் 1957

எல்வுட்டுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. பழக் கேக் ஒன்று தனியாகத் தபாலில் வருகிறது. மேலே இருக்கும் செர்ரியைப் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியைக் காயவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

ஆர்கன் வந்த அன்று மழை. பாய்த்துணி போட்டு மூடினார்கள். ஆட்லிதான் நான்கு ஆட்களோடு தூக்கிவந்தார். ஒரு கால் உடைந்துவிட்டது, அவரே புதுக்கால் செதுக்கிப் போட்டார். அந்த மனிதர் கையில் எதைக் கொடுத்தாலும் நிமிர்த்திவிடுவார். நீ புத்தகத்தையும் அப்பா மங்கின பார்வையையும் வைத்துக்கொண்டு திண்டாடிய வீட்டில், சோறு வந்தது அவர் கையிலிருந்துதான். அதை நீ மறந்திருக்க மாட்டாய்.

கார்லண்ட் கடிதம் எழுதியிருந்தான். மாமா ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டு திரிகிறார் என்று எழுதியிருக்கிறான். தேவாலயத்தில் யாரோ அவனிடம், "உங்க மாமா எந்தப் பக்கம் உட்காரப்போறார்?" என்று கேட்டார்களாம். ஊர் இன்று இருக்கிற நிலையில், கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் விவகாரத்தில் ஆளாளுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு கறுப்பருக்காகச் சொந்த அக்கா மகனுக்கு எதிராக நின்றால் என்ன பேசுவார்கள் என்று யோசித்தாயா? நீ பயந்தவன். உனக்கு இதெல்லாம் ஆகாது.

குளிரில் வெளியே போகாதே.

லவீனியா

---

மெரிடித் துறை
4 ஜனவரி 1958

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்து. கேக் முழுதாக வந்து சேர்ந்தது. நன்றி. செர்ரியைப் பற்றி நீ எழுதியது சரிதான்.

நீ சொன்னதைக் கேட்காமல் வெளியே போனேன். மூன்று நாள் வடமேற்குக் காற்று அடித்ததில் ஆறு முழுக்க விரிகுடாவுக்குள் வடிந்துவிட்டது. இந்த அளவு வற்றி நான் இருபது வருடமாகப் பார்த்ததில்லை. 1933 புயலில் போன துறையின் அடித்தூண்கள் சேற்றில் பல்வரிசைபோல நின்றன. ரப்பர் பூட்சைப் போட்டுக்கொண்டு, அளவு நாடாவோடு இறங்கினேன்.

பழைய தூண்கள் தேவதாரு. நீட்டிய பகுதியில் தார் பூசிய பைன். இரண்டும் சேரும் இடம் நன்றாகத் தெரிகிறது. நீட்டியது அறுபத்திரண்டு அடி. கோபுரத்திலிருந்து துறை ஒரு மைல், துறையிலிருந்து பார் அரை மைல். ஆகவே துறையில் அறுபத்திரண்டு அடி நகர்ந்தால் பாரில் தொண்ணூற்று மூன்று அடி நகரும். பாரின் நீளத்தோடு பெருக்கினால் கிட்டத்தட்ட மூன்று ஏக்கர். இரண்டு முறை சரிபார்த்தேன். தாளில் எல்லாம் இருக்கிறது, வருடத்தைத் தவிர.

நான் சேற்றில் நிற்கும்போது கார்லண்ட் கரைக்கு வந்தான்.

"மாமா! என்ன தொலைச்சீங்க? மூக்குக்கண்ணாடியா?"

"அளக்கிறேன்."

"யாருக்காக?"

"யாருக்காகவும் இல்ல. சும்மா... தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க? பரீட்சை வைக்கப்போறீங்களா?" என்றான். பிறகு, "ஏறி வாங்க, நீர் திரும்புது. இங்க மாட்டிக்கிட்டா உங்களைத் தூக்க ரெண்டு ஆள் வேணும், சைலஸைத்தான் கூப்பிடணும்" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டான். நல்ல பிள்ளைதான், அக்கா. அதுதான் கஷ்டம்.

ஆர்கனுக்குக் கால் உடைந்தது, மழை பெய்தது, பாய்த்துணி போட்டார்கள். எல்லாம் எழுதியிருக்கிறாய். பெட்டியை எங்கே வைத்தார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. ஏன்?

எல்வுட்

---

மெரிடித் துறை
27 ஜனவரி 1958

அக்கா,

நலமா? மூன்று வாரமாகிறது. உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. உன் மகளுக்குத் தந்தி கொடுக்கலாமா என்று தபாலாபீஸ் வரை போய்த் திரும்பிவிட்டேன். விசாரணைக்கு இன்னும் பத்து நாள்தான். ஒரே ஒரு வரி: பழைய இடம் அல்லது புது இடம். கையெழுத்துக்கூட வேண்டாம்.

எல்வுட்

---

பால்டிமோர்
2 பிப்ரவரி 1958

எல்வுட்,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் சரியில்லை.

நான்கு மாதமாக ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய். எனக்கு அலுத்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் நிலக்கரி இல்லாமல் உன் பள்ளிக்கூடத்தை மூடி, நீ வீட்டுக்கு வந்து ஆறு வாரம் இருந்தாயே. தினமும் பனிக்கட்டி மேல் நடந்து துறை நுனிக்குப் போய் நின்றாயே. மார்ச்சில் படகில் இருந்தது நீ. துடுப்புப் போட்டது நீ. நான் அடுப்படியில் இருந்தேன். பார்த்தவன் பார்க்காதவளிடம் கேட்கிறாய்.

நீ என்னிடம் கேட்பது சாட்சி இல்லை, தம்பி. அனுமதி. நான் சொன்னால், "அக்கா சொன்னாள்" என்று விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிடலாம். கார்லண்டிடம், "உன் அம்மா சொன்னாள்" என்று சொல்லிவிடலாம். ஊர்க்காரர்களிடமும் அப்படியே. உன் வாயால் எதுவும் வராமல் காரியம் முடிந்துவிடும். சின்ன வயதிலிருந்து நீ அப்படித்தான். பால் கொட்டினால்கூட, "பூனை இங்கதான் இருந்துச்சு" என்பாய். பூனைதான் கொட்டியது என்று சொல்லமாட்டாய்.

என் மகனுக்கு எதிராக நான் அனுமதி தரமாட்டேன். உனக்குத் தெரிந்ததை நீ சொல், இல்லாவிட்டால் சும்மா இரு.

லவீனியா

---

மெரிடித் துறை
8 பிப்ரவரி 1958

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் ஐந்தாம் தேதி கிடைத்தது. ஆறாம் தேதி விசாரணை நடந்தது. இரண்டையும் பற்றி எழுதவேண்டும்.

நீ சொன்னது சரி. உன் கடிதத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பனிக்கட்டி மேல் நடந்துபோனது ஞாபகம் வந்தது. துறை நுனியில் புதுப் பைன் பலகைகளின் வாசனை, குளிரிலும் காலணியில் ஒட்டிய தார். அது ஜனவரி 1918. அப்படியென்றால் கொட்டகை அதற்கு முந்தின கோடையிலேயே நகர்ந்துவிட்டது. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மார்ச்சில் படகில் இருக்கும்போது, கரை வழக்கத்தைவிடத் தூரமாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தேன். ஆட்லி கம்பைத் தூக்கியபடியே, "வாத்தியாரே, துடுப்பைப் பிடிங்க, படகு சுத்துது" என்றார். நான் துடுப்பைப் பிடித்தேன்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எண் போட்டு எழுதிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். ஒரு பக்கம் கார்லண்டும் நம் ஆட்களும். பின்பெஞ்சில் சைலஸும் மகன்களும் அவர்கள் தேவாலயத்துப் பாதிரியாரும். அதிகாரி மரியாதையான மனிதர். என் தூண் அளவைப் பாராட்டினார். பிறகு கேட்டார்:

"கொட்டகை எந்த வருஷம் நகர்ந்தது, மிஸ்டர் டேமரன்?"

"1917 என்று நினைக்கிறேன்."

"நினைக்கிறீர்களா, தெரியுமா?"

கார்லண்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார்.

"கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஆனால் நாற்பது வருடம். ஞாபகம் தவறவும் கூடும்" என்றேன்.

"கூடுமா?"

"கூடும்."

அவர் பேனாவை மூடிவிட்டார். அவ்வளவுதான்.

வெளியே படிக்கட்டில் சைலஸ் நின்றிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "முப்பது வருஷம் பிள்ளைங்க தாளைத் திருத்தினீங்க, மிஸ்டர் எல்வுட். சரின்னு போடுவீங்க, தப்புன்னு போடுவீங்க. கிட்டத்தட்டன்னு எந்தப் பிள்ளைக்காச்சும் போட்டீங்களா?"

கார்லண்ட் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் அன்பாகப் பேசினான். அவனுடைய அன்பை என்னால் தாங்க முடியவில்லை.

எல்வுட்

---

பால்டிமோர்
3 மார்ச் 1958

தம்பி எல்வுட்,

நலமா? ஆணையத்தின் உத்தரவு வந்துவிட்டது என்று கார்லண்ட் எழுதினான். போதிய சாட்சியம் இல்லை, கம்புகள் இருக்கும் இடத்திலேயே இருக்கும், குத்தகைக்காரனான கார்லண்டே மனம் வைத்து விட்டுக்கொடுத்தால் ஒழிய மாற்றம் இல்லை என்று போட்டிருக்கிறார்களாம். அவன் சந்தோஷமாக எழுதியிருந்தான். படித்துவிட்டு நான் படுத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்துவிட்டதால் சொல்கிறேன். முடியாமல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன்னைப் பயந்தவன் என்று எழுதினேன். நம் இருவருக்கும் ஒரே அப்பா.

ஆர்கனைப் புது நுனியில்தான் இறக்கினார்கள். பழைய இடம் அப்போது வெறும் பலகை. கொட்டகையை உருளைக்கட்டை வைத்துத் தள்ளிய ஆட்களில் ஆட்லியும் ஒருவர். அது ஆகஸ்ட் மாதம். அந்த வேலையில் அழுக்கான அவர் சட்டைகளைத் துவைத்தவள் நான்.

கம்பு குத்திய அன்று மத்தியானம் நீயும் அப்பாவும் கடைக்குப் போய்விட்டீர்கள். அவர் மட்டும் சாப்பிட வந்தார். பீன்ஸும் பன்றி இறைச்சியும் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். "என்ன?" என்றேன். "கம்பெனிக்காரன் நம்ம பாரை இலவசமா அகலப்படுத்திக் குடுத்திருக்கான், வின்னி. உங்கப்பாவுக்குக் கண் தெரியல, உன் தம்பிக்கு வாய் இல்ல" என்றார். "நோவாவுக்கு?" என்றேன். "நோவா சொன்னா யார் கேப்பா?" என்று ரொட்டியைப் பிய்த்தார்.

நான் இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போட்டேன். அதுதான் நான் செய்தது.

அடுத்த வாரம் நோவா வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் கம்புகள் தன் பாருக்குள் வந்துவிட்டன என்று சொன்னபோது, நான் ஜன்னலை மூடினேன். அப்பா கடைசிவரை அது சரியான எல்லை என்றே நம்பினார். அவர்மேல் குற்றம் இல்லை.

இதைக் கார்லண்டிடம் சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அவன் அப்பாவை நினைத்துக்கொண்டுதான் காலையில் படகை எடுக்கிறான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை, மனைவியும் போய்விட்டாள். அந்த ஒரு மனிதன்தான் அவனுக்கு மிச்சம். உனக்கு மட்டும் சொன்னேன். இனி நீ கேட்காமல் இருப்பாய்.

உன் அக்கா,
வின்னி

---

மெரிடித் துறை
29 மார்ச் 1958

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். முதல் வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். ஒரு மாதம் முன்னால் எழுதியிருந்தால் என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் தெரியுமா? பிறகு, ஒரு மாதம் முன்னால் எழுதியிருந்தாலும் நான் அந்தப் பெஞ்சில், "அக்கா கடிதம் எழுதியிருக்கிறாள், ஆனால் அவளுக்கும் வயதாகிவிட்டது" என்றுதான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. கோபம் போய்விட்டது. எரிச்சல் போகவில்லை. அது என்மேல்.

பதினெட்டாம் தேதி காலை கார்லண்டைப் பார்க்கப் போனேன். படகை இழுத்துக் கட்டிவிட்டுச் சுத்தியலால் தட்டிச் சிப்பி பிரித்துக்கொண்டிருந்தான், பெரியது ஒரு பக்கம், சிறியது தண்ணீருக்குள். என்ன பேசினோம் என்பதை அப்படியே எழுதுகிறேன். நீ தெரிந்துகொள்ளவேண்டும். ஏன் என்பது கடைசியில் புரியும்.

"கொட்டகை 1917 ஆகஸ்ட்ல நகந்துச்சு, கார்லண்ட். வெளிப்பட்டை சைலஸோடது" என்றேன்.

அவன் கையை நிறுத்தவில்லை. "கோர்ட்டுல கிட்டத்தட்டன்னீங்க."

"பயந்துட்டேன்."

"யாருக்கு?"

"உனக்கு. கடைக்காரனுக்கு. எல்லாருக்கும்."

"இப்ப பயமில்லையா?"

"இப்பவும் இருக்கு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். சுத்தியலைக் கீழே வைத்தான். "அப்பா 1918ன்னு சொன்னாரு. என் தலைல கை வெச்சு சொன்னாரு. அவருக்குத் தெரியுமா? பொய் சொன்னாரா?"

அக்கா, உன் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. அவன் கண் ஆட்லியின் கண். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

"நேர் பார்த்தது நான்தான். உங்க தாத்தாவுக்குக் கண் மங்கல். உங்கப்பா கம்பைத்தான் குத்தினாரு, நான் கையைக் காட்டின இடத்துல. கொட்டகை நகந்தது எனக்குத் தெரியும், ஆனா கணக்குல எடுத்துக்கல. பின்னாடி நோவா வந்து சொன்னப்பதான் தப்பு புரிஞ்சுது. வாத்தியார் வேலை போயிடும்னு உங்கப்பாகிட்ட கெஞ்சினேன். அவர் எனக்காகத்தான் வருஷத்தை மாத்திச் சொன்னாரு."

ஒரு "என்று நினைக்கிறேன்" இல்லை. ஒரு "கூடும்" இல்லை. அந்த அதிகாரி கேட்டிருந்தால் அன்றே எழுதிக்கொண்டிருப்பார்.

கார்லண்ட் எழுந்து நின்றான். "நாப்பது வருஷமா எங்கப்பா உங்களுக்காகப் பொய் சொல்லியிருக்காரு."

"ஆமா."

"செத்தாரு. அந்தப் பொய்யோட செத்தாரு. நீங்க என் மேஜைல உக்காந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கோழி தின்னீங்க."

"ஆமா."

"போங்க மாமா. வேற ஏதாச்சும் சொல்லிருவேன். போயிருங்க."

போய்விட்டேன். அதன்பிறகு அவன் என்னோடு பேசவில்லை. கடையில் நான் நுழைந்தால் அவன் வெளியே போகிறான். கடைக்காரரிடம் ஏதோ சொல்லியிருக்கிறான் போலும், இப்போதெல்லாம் அடுப்புப் பக்கத்தில் எனக்கு நாற்காலி கிடைப்பதில்லை. நான் கதவோரம் நிற்கிறேன்.

போன சனிக்கிழமை காலை என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கார்லண்டின் படகும் சைலஸின் படகும் பாரில் அருகருகே நின்றன. கார்லண்ட் பழைய கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கரைப்பக்கம் நகர்ந்து குத்தினான். சைலஸின் மூத்த மகன் எதிர்முனையைப் பிடித்துக்கொண்டான். யாரும் யாரோடும் பேசியதாகத் தெரியவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை. என் தாளில் எல்லா அளவும் இருந்தது. அறுபத்திரண்டு, தொண்ணூற்று மூன்று. யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் நீர் வற்றியதும் துறைப்பக்கம் நடந்து போய், தூண் வரிசையின் சந்திப்பையும் கோபுரத்தையும் வைத்து நேர் பார்த்தேன். கார்லண்ட் கோபத்தில் குத்தியிருக்கிறான். கம்புகள் இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டி நம் பாருக்குள் வந்துவிட்டன. சைலஸுக்கு முப்பது அடி அதிகமாகப் போயிருக்கிறது. இருபத்தெட்டுக்குக் குறையாது, முப்பத்திரண்டுக்கு மேல் இருக்காது.

கார்லண்ட் உன்னிடம் கேட்டால் நான் சொன்னபடியே நீயும் சொல். நேர் பார்த்தது நான். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன் இடுப்பைப் பார்த்துக்கொள். மாடிப்படி வேண்டாம்.

முப்பது அடி விஷயத்தை நான் யாரிடமும் சொல்வதாக இல்லை.

உன் தம்பி,
எல்வுட்